வீட்டைத் தூக்கினால் மூக்குத்தி வருமா?

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலையில் என் வீடு தரையில் இல்லை.

பயப்படாதீர்கள். புயல் கியல் ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு தெருவில், முப்பது வருஷமாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்த வீடு, அன்றைக்கு வரிசையாக வைத்த ஜாக்கிகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே ஜாக்கிதான். அதன்மேல் என் ஹால், என் பெட்ரூம், என் சமையலறை... சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கூட ஆடவில்லை.

எதிர்வீட்டு நிழலில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான் — இது லாபமா, நஷ்டமா?

பக்கத்தில் நின்ற என் மனைவி வசந்தா வீட்டைப் பார்க்கவில்லை. வாசற்படிக்கு அடியில் விரல் நுழைகிற அளவுக்கு விழுந்திருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கேள்வி வேறு.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கும் புரிந்தாலும் புரியலாம்.

நான் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வருவோம். அப்புறம் ரோடு போட்டார்கள். சில வருஷம் கழித்து அந்த ரோட்டின்மேல் இன்னொரு ரோடு. அதன்மேல் இன்னொன்று. ரோட்டுக்கு வளரும் பருவம் எப்போது முடியும் என்று யாருக்காவது தெரியுமா? மூன்று படி இரண்டாயிற்று, ஒன்றாயிற்று, கடைசியில் ஒரு படி இறங்கித்தான் எங்கள் வீட்டுக்குள் வர வேண்டும் என்றாயிற்று. கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்தால் போதும், வசந்தா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிடுவாள். அதற்கப்புறம்தான் கொடியில் காயும் துணியை எடுக்கப் போவாள்.

போன மழைக்குத் தண்ணீர் ஃப்ரிட்ஜ் வரைக்கும் வந்துவிட்டது. சரி, இனி பொறுப்பதற்கில்லை, வாத்தியார் வேலையில் வந்த ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஏதாவது செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம். என்ன செய்வது என்று நாலு பேரைக் கேட்டேன் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது.

வசந்தாவின் தம்பி முருகேசன் மனை புரோக்கர். அவன் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "வித்துடுங்க மாமா. இந்த வூட்டுக்கு ஒண்ணும் வெல இல்ல, மனைக்குத்தான் வெல. நீங்க வூட்டுல எவ்ளோ கொட்டனாலும் வாங்கறவன் எத்தினி சென்ட்டுன்னுதான் கேப்பான்" என்றான்.

லோன் கிடைக்குமா என்று ஒரு பேங்கில் விசாரித்தேன். மதிப்பு போட ஒருவர் வந்தார். சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "பழைய வீடு சார். வயசு ஆக ஆக மதிப்பு குறையும்" என்றார்.

"தூக்கி உசரமாக்கினா?"

"தூக்கினாலும் வயசு அதேதானே சார்?"

நியாயம்தான். என்னைத் தூக்கி மாடியில் வைத்தால் எனக்கு வயது குறைந்துவிடுமா என்ன?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்குப் போன் செய்தேன். அவள் கணக்கில் கெட்டி. "ரிட்டர்ன் இன்னான்னு பாத்தீங்களாப்பா? போடற காசு திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

"யாரு குடுப்பா?"

"விக்கும்போதுப்பா."

"விக்கப் போறதில்லையே."

"அப்ப ரிட்டர்ன் இல்ல."

"அப்ப செய்ய வேணாமா?"

"செய்யலன்னா தண்ணி வருமேப்பா."

அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரி. எல்லாம் சேர்ந்தால் மட்டும் எனக்குத் தலை சுற்றியது.

வீடு தூக்கும் காண்ட்ராக்டர் ஞானப்பிரகாசம் உளுந்தூர்பேட்டைக்காரர். வடக்கிலிருந்து ஆட்களை வைத்து வேலை செய்பவர். அவர்தான் கொஞ்சம் தெம்பாகப் பேசினார். "இன்னா சார் பயம்? ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி செல்புல வச்சிட்டுப் போங்க. நாலடி தூக்கனப்புறம் வந்து பாருங்க. ஒரு சொட்டு சிந்தியிருக்காது. இடிச்சிக் கட்றதவிட செலவும் கம்மி."

எனக்குப் பிடித்துவிட்டது. கை கொடுக்கப் போகிற நேரத்தில், போகிற போக்கில் சொன்னார்: "தரை மட்டும் வராது சார்."

"என்னது?"

"சொவருதான் மேல வரும். தரை அங்கயேதான் கீது. அதுமேல மண்ணு கொட்டி, புதுசா தரை போட்டுக்கினு போவணும்."

அந்தத் தரைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் டைல்ஸ் போட்டிருந்தேன். மகள் நிச்சயதார்த்தத்துக்காக, கடை கடையாக ஏறி இறங்கி, வசந்தா கேட்ட சந்தனக் கலர் கிடைக்கும்வரை அலைந்து வாங்கியது. அது அப்படியே நாலடி மண்ணுக்குக் கீழே போகப்போகிறது. பின்னாளில் யாராவது தோண்டிப் பார்த்தால், இந்தப் பகுதி மக்கள் டைல்ஸைப் புதைக்கும் வழக்கம் உடையவர்கள் என்று எழுதிவைப்பார்கள்.

எப்படியோ மனசைத் தேற்றிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தேன். அன்று மத்தியானம் வசந்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏங்க, வூட்ட தூக்கனா எங்கம்மா மூக்குத்தி மேல வருமா, கீழயே நின்னுடுமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

வீடு கட்டும்போது அடியில் ஒரு பொட்டுத் தங்கம் போடுவது நம் வழக்கம். உங்கள் வீட்டிலும் போட்டிருப்பீர்கள். நான் கட்டிய காலத்தில் என்னிடம் இருந்ததெல்லாம் சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறிவிட்டிருந்தது. கல்யாண மோதிரம்கூட அப்போது அடகுக் கடையில்; பொட்டுத் தங்கத்துக்கு வழியில்லை. வசந்தா பிரசவத்துக்காகத் திருநாவலூரில் அம்மா வீட்டில் இருந்தாள். பூஜைக்கு வந்திருந்த என் மாமியார், நான் கையைப் பிசைவதைப் பார்த்துவிட்டு, மூக்கிலிருந்து ஒற்றைக்கல் மூக்குத்தியைக் கழற்றினார். "இத வைங்க மாப்ள. பேத்தி பொறந்து வந்து இருக்கப்போற வூடு" என்றார். பேத்திதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அடுத்த வருஷமே அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. இருந்த நகையெல்லாம் வைத்தியத்துக்குப் போனது. அவரும் போய்ச் சேர்ந்தார். ஆக, வசந்தாவுக்கு அம்மா உடம்பில் கிடந்தது என்று இந்தப் பூமியில் மிச்சம் இருப்பது அந்த மூக்குத்தி ஒன்றுதான். அதுவும் பூமிக்குள்.

"எங்க வச்சீங்க?" என்றாள்.

இங்கேதான் நான் முழித்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை பூஜை நடந்தது. அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் போட்டபோது ஈசானிய மூலையில் ஒன்று. வாசல் நிலை வைத்தபோது வாசற்படிக்கு அடியில் ஒன்று. மாமியார் இரண்டுக்கும் வந்திருந்தார். மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தது எந்தப் பூஜையில்? சாம்பிராணி வாசனை ஞாபகம் இருக்கிறது. மேஸ்திரி வெற்றிலை போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. மாமியாரின் மூக்கில் வெறும் துளை தெரிந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கே வைத்தோம் என்பது மட்டும்... சுத்தமாக இல்லை.

"நீங்கதான கூட இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஒருத்தி மூக்குலருந்து கழட்டிக் குடுத்தத எங்க வச்சோம்னு கூடவா தெரியாது?"

நான் கீரை ஆய ஆரம்பித்தேன்.

வசந்தா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "நாலடி மண்ண கொட்டி மூடிட்டா அப்புறம் அது எந்த ஜென்மத்துலயும் கெடைக்காது. அது கைக்கு வந்தாத்தான் வூட்ட தூக்கணும். இல்லன்னா தண்ணி வந்தா வந்துக்கினு போவட்டும். நான் கட்டில்மேல குந்திக்கறேன்."

முருகேசன் வந்து சமாதானம் பேசினான். அவனுக்கும் அம்மாதானே? "அத்தினூண்டு தங்கத்துக்கா, அக்கா? அம்மா இருந்திருந்தா அதுவே வுட்டுத்தள்ளுன்னு சொல்லியிருக்கும்" என்றான்.

"அம்மா இருந்திருந்தா நான் ஏன்டா மூக்குத்திய கேக்கப்போறேன்?" என்றாள் வசந்தா. முருகேசன் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

போட்ட தங்கத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். குருக்களைக் கேட்டேன். அவரும் குழம்பினார். "கோயில் திருப்பணின்னா பாலாலயம் பண்ணி சாமிய வேற இடத்துல வச்சுக்கலாம். வீடு அந்தரத்துல நிக்கறதுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் வழி சொல்லலியே" என்று யோசித்தார். "நீங்க வாடகை வீட்டுக்குப் போறேளோன்னோ? அதையே பாலாலயம்னு வச்சுப்போம். எடுக்கலாம். ஆனா ஒண்ணு, நிலை வெறும் இடத்துல நிக்கப்படாது. எதாவது பொன் வச்சாகணும்."

வாடகை வீடு, அட்வான்ஸ், சாமான் ஏற்றிப்போன வண்டி — இதெல்லாம் வீடு தூக்கும் செலவில் சேருமா, தனியா? எனக்குத் தெரியவில்லை. இப்போது அதோடு மூக்குத்தி தேடும் செலவும் சேர்ந்துகொண்டது.

முதலில் ஈசானிய மூலை. ஞானப்பிரகாசத்தின் ஆட்கள் கடைக்கால் வரைக்கும் ஜாக்கிரதையாகத் தோண்டினார்கள். வசந்தா குழிக்குப் பக்கத்தில் குந்தி, அள்ளிப்போட்ட மண்ணையெல்லாம் கோதுமை சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்தாள். பச்சை பிடித்த ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு சோடா மூடி கிடைத்தது. சாயங்காலம்வரை சலித்தும் வேறு ஒன்றும் இல்லை.

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சல்லடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை கால் அலம்பிக்கொண்டு, பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. அவ்வளவு வருஷம் வாத்தியாராக இருந்து எத்தனையோ பிள்ளைகளின் இனிஷியலை ஞாபகம் வைத்திருந்தவன், இதை எப்படி மறந்தேன்?

மறுநாள் ஞானப்பிரகாசத்திடம் வாசற்படிக்கு அடியில் உடைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"இப்ப உடைச்சா நிலை கோணிக்கும் சார். நிலை கோணிக்கினா சொவத்துல விரிசல் வுடும். வாசலுக்குக் கீழ பாரம் இல்ல, அங்க நாங்க கையே வைக்க மாட்டோம். வூடு ஏறும்போது படி கல்ல வுட்டுத் தானா பிரியும். அப்பத்தான் தெரியும், இருக்குதா இல்லியான்னு."

குழப்பத்தைப் பார்த்தீர்களா? மூக்குத்தி கிடைத்தால்தான் வீட்டைத் தூக்க வேண்டும் என்கிறாள் இவள். வீட்டைத் தூக்கினால்தான் மூக்குத்தி தெரியும் என்கிறார் அவர். இரண்டு பேருக்கும் நடுவில், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நான்.

வசந்தா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில், "சரி, தூக்குங்க. ஆனா மண்ணு கொட்றதுக்கு முன்னாடி நான் பாக்கணும். அங்கயும் இல்லன்னா..." என்றாள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஜாக்கிக்கும் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஹெட் ஒரு நீளக் குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைத் திருகுவார்கள். மறுபடி ஒரு குரல், மறுபடி ஒரு திருகு. தெருவே கூடிவிட்டது. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். "இன்னா செலவு ஆவும்?" என்று என்னைக் கேட்காதவர் பாக்கியில்லை. நான் ஆளுக்கொரு தொகை சொன்னேன். பொய் சொல்லவில்லை, எதை எதைச் சேர்ப்பது என்று ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தோன்றியது.

இடைவெளி ஒரு விரல் ஆனது, நாலு விரல் ஆனது. ஒரு ஜாண் ஆனபோது என் பக்கத்தில் வசந்தா இல்லை.

வாசலுக்கு முன்னால் மண்டி போட்டு, தலையைச் சாய்த்து, அந்த இடைவெளிக்குள் கையை விட்டிருந்தாள். அவள் கைக்கு மேலே மொத்த வீடும் நின்றுகொண்டிருந்தது. ஹெட் பதறிப்போய், "அம்மாஜி, கை வேணாம், கை வேணாம்" என்று ஓடிவந்தார். ஆட்கள் அப்படியே கம்பியை விட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். நான் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அசைந்தால்தானே?

"இருங்க" என்றாள். "விரல்ல இன்னாவோ தட்டுப்படுது."

எனக்கு வீடும் வேண்டாம், மூக்குத்தியும் வேண்டாம், இவள் கை வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. அந்த நேரத்தில் இருந்த பயம் இதை எழுதும்போதும் கொஞ்சம் வருகிறது.

கை வந்தது. உள்ளங்கையில் ஒரு கருப்புக் கட்டி, சுண்ணாம்பும் மட்கிப்போன துணியுமாக. யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வசந்தா கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கருப்பு போய், மஞ்சளாகத் தெரிந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு கல். திருகாணி இல்லை. மற்றபடி முழுசாக இருந்தது.

"இருக்குது" என்றாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்? ஞானப்பிரகாசம் அந்த ஹெட்டுக்கு இந்தியில் விஷயத்தை விளக்கினார். அவர் தலையாட்டி என்னவோ சொன்னார். அவர் ஊரிலும் வாசலுக்கு அடியில் ஏதோ வைப்பார்களாம்.

சாயங்காலம் முருகேசன் வந்தான். அக்கா கையிலிருந்து மூக்குத்தியை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தான். அப்புறம் புரோக்கர் புத்தி எட்டிப்பார்த்தது. செல்போனில் என்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது போட்டப்ப தங்கம் இன்னா வெல, இன்னிக்கி இன்னா வெல? நீங்க இந்த வூட்டுல போட்டதுலயே ஜாஸ்தி ஏறினது இது ஒண்ணுதான்" என்றான். மகளும் போனில் அதையே சொன்னாள். சிமெண்ட் போட்டேன், கம்பி போட்டேன், டைல்ஸ் போட்டேன், ஹாலுக்கு பால்ஸ் சீலிங்கூடப் போட்டேன். எல்லாம் இறங்குமுகம். ஏறினது ஒன்றே ஒன்று — அதுவும் நான் வாங்காதது. வீட்டைப் புதுப்பிக்க ஆலோசனை சொன்ன நாலு பேரில் ஒருத்தராவது, "சார், தங்கத்தைப் புதைத்து வையுங்கள்" என்று சொன்னாரா?

வீடு ஒரு வழியாக நாலடி ஏறியது. அடியில் புதுச்சுவர் எழுப்பினார்கள். வாசற்படிக்குக் கீழே மட்டும் மேஸ்திரி ஒரு சின்னக் குழி விட்டுவைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். குருக்கள் வந்து உட்கார்ந்தார். நான் வசந்தாவைப் பார்த்தேன். மூக்குத்தி அவள் மூக்கில் இருந்தது. எப்போது ஆசாரியிடம் போய்த் திருகாணி போட்டாளோ, எனக்குத் தெரியாது. அந்த முகத்தில் ஒரு நொடி மாமியாரைப் பார்த்தேன்.

"அத வைக்கலியா?" என்றேன்.

"இது எனக்கு. முப்பது வருசம் வூட்டுக்கு இருந்தது போதும்."

"நிலை வெறும் இடத்துல நிக்கக்கூடாதுன்னு சொல்றாரே?"

வசந்தா என் கையைப் பார்த்தாள். "அந்த மோதிரத்த கழட்டுங்க."

"இது நம்ம கல்யாண மோதிரம்டி."

"தெரியும். எங்கம்மா உங்களுக்குப் போட்டதுதான். தெரிஞ்சிதான் கேக்கறேன். மூக்குத்தி எங்கிட்ட இருக்கட்டும், மோதிரம் வூட்டுகிட்ட இருக்கட்டும். எங்கம்மா பேத்தி வந்துபோற வூடு, அம்மாவுக்கும் ஒரு எடம் இங்க இருக்கணும்."

மோதிரம் சுலபத்தில் வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, மேஸ்திரியும் குருக்களும் ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் வந்தது. என் கையாலேயே வைத்தேன். இந்த முறை உஷாராகப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன், முருகேசனுக்கு அனுப்பினேன், பேமிலி குரூப்பிலும் போட்டேன். வாசற்படிக்கு அடியில், நடு மையத்தில். இதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். நாளைக்கு ரோடு மறுபடி வளர்ந்து நான் மறந்துபோனால், தயவுசெய்து நீங்களாவது சொல்லுங்கள்.

போட்ட காசு திரும்ப வருமா என்று இன்னமும் தெரியவில்லை. சென்ற வாரம் மழை பெய்தது. தண்ணீர் வாசல்வரை வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அரிசி மூட்டை தரையிலேயே இருந்தது. வசந்தா கண்ணாடி முன்னால் நின்று மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒன்று மட்டும் நிச்சயம். ஜாக்கிகளையெல்லாம் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் என்றைக்கோ போய்விட்டார்கள் — இப்போது இந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது என் மாமியார்தான்.